கேசட்டில் மிச்சமிருந்த மூணு நிமிஷம்

2018 ஜனவரி 22, திங்கட்கிழமை. தமிழ்நாட்டில் அன்றைக்கு யார் செத்தாலும் கவனிக்க ஆளில்லை. இரண்டு நாள் முன்னால்தான் பஸ் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். சென்னையில் மூன்று ரூபாய் டிக்கெட் ஐந்து ரூபாயாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கேம்ப் ரோடு நிறுத்தத்தில் ஏறியவர்கள் எல்லோரும் கண்டக்டரைப் பிடித்துக்கொள்ள, அவர், "நானா சார் ஏத்துனேன்? என் பொண்டாட்டியும் இதே டிக்கெட்டுதான் வாங்குறா" என்று தாம்பரம் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

அப்படிப்பட்ட நாளில்தான் சிலோன் மனோகர் சென்னையில் காலமானார். வயது 73. மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்த பேப்பரில், பஸ் கட்டணம் போக மீதமிருந்த இடத்தில், தபால்தலை அளவு படத்தோடு ஒரு துண்டுச் செய்தி. நடிகர் என்றுதான் தொடங்கியிருந்தார்கள். பாடகர் என்பது கீழே எங்கேயோ வந்தது.

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அஞ்சலி போட்டார். படம் ஆர்.எஸ். மனோகருடையது. நாடகக் காவலர் ஆர்.எஸ். மனோகர் 2006-லேயே போய்ச் சேர்ந்தவர். 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் ராவணனாக நின்று ஊரையே மிரட்டியவர். இவர் 'இலங்கை, மனோகர்' என்று தேடியிருப்பார், கூகுள் ராவணனை எடுத்துக் கொடுத்திருக்கும். கிரீடமும் மீசையுமாக நின்ற லங்காதிபதிக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். மூன்றாவது மாடிப் பாட்டி மட்டும், "இவர் முன்னாடியே போயிட்டாரே?" என்று கேட்டிருந்தார். அதற்கும் ஒருவர் கைகூப்பினார்.

நான் திருத்தவில்லை. திருத்தினால் சிலோன் மனோகர் யார் என்று விளக்க வேண்டும். 'சுராங்கனி' என்ற ஒரு பாட்டின் பேரைச் சொன்னால் விளக்கம் முடிந்துவிடும். அதுதான் சங்கடம். அதற்கு மேல் சொல்ல என்னிடமும் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் ஒரு காலத்தில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒரே பாப் பாடகர் அவர்தான். வேறு ஆளே இல்லாததால் உலகத்திலேயே சிறந்தவரும் அவர்தான்.

நான் சொல்வது 1977 வாக்கில். எங்கள் சேலையூர் அப்போது சென்னையில் இல்லை. "மெட்ராசுக்குப் போயிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போவார்கள். 1931-லிருந்து ஓடும் மீட்டர்கேஜ் மின்சார ரயில் தாம்பரம் வரைக்கும் வந்து, இதற்கு மேல் ஊர் இல்லை என்பதுபோல் திரும்பிவிடும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிறித்தவக் கல்லூரியின் காடு, அதைத் தாண்டி ஏரி, ஏரிப் பாய்ச்சலில் வயல், பனைமரம். அப்புறம் விமானப்படைத் தளம். அங்கே இருப்பது விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் வாத்தியார்களுக்கான பள்ளிக்கூடம். ஆகவே வானத்தில் எந்நேரமும் யாராவது ஒருவர் படித்துக்கொண்டிருப்பார். வீட்டு ரேடியோவில் நல்ல பாட்டு வரும் சமயம் பார்த்துத்தான் பெரும்பாலும் தலைக்கு மேல் திரும்புவார்.

ரேடியோ என்றால் இலங்கை வானொலி. அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952 வாக்கில் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து தள்ளிவைத்ததும் ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957-ல் விவித் பாரதி தொடங்கிச் சமாதானம் செய்து பார்த்தார்கள். எங்கள் வீட்டு முள் அசையவில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அப்புறம் மூச்சு விடாமல் பேசும் கே.எஸ். ராஜா, நிறுத்தி நிதானமாகப் பேசும் பி.எச். அப்துல் ஹமீத். அப்பாவுக்கு அப்துல் ஹமீத் பேசுவதுதான் தமிழ், நாங்கள் பேசுவது ஏதோ சத்தம். "அவங்களைப் பாரு, 'ழ'வை எப்படிச் சொல்றாங்க" என்பார். அந்தச் சுத்தத் தமிழ் வானொலியிலேதான் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் திடீரென்று கிதார் சிணுங்கும், கூட்டமாக நாலு பேர் எதிர்ப்பாட்டு எடுப்பார்கள், ஒரு கனத்த ஆண்குரல் சிரித்துக்கொண்டே பாட ஆரம்பிக்கும். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நாங்கள் உள்ளே வருவோம்.

ஆனால் சிலோன் மனோகர் எங்களுக்கு ஏகபோகமாகக் கிடைத்தது ஆடி மாதத்தில். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு மைக்செட் அண்ணன் பனைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். தட்டு போடுவதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு, மாற்ற மாட்டார். விடிகாலையில் சீர்காழி பிள்ளையாரைக் கூப்பிடுவார். வெயில் ஏற ஏற எல்.ஆர். ஈஸ்வரி அம்மனை வரவழைப்பார். மத்தியானத்துக்கு மேல் டி.எம்.எஸ்., சுசீலா. எல்லோரும் கூழ் குடித்து, பானை கழுவிக் கவிழ்த்து, சாமி மலையேறிய பிறகு சுராங்கனி. அதாவது அம்மன் தூங்கப் போன பிறகு. நடு ராத்திரியில் பனைமரத்திலிருந்து அந்தப் பாட்டு ஏரி வரைக்கும் போய் எதிரொலித்துத் திரும்பும்.

ஒரு வருஷம் தர்மகர்த்தா பிடித்துக்கொண்டார். "அம்மன் கோயில்ல என்னய்யா மீன் பாட்டு?" சுராங்கனிக்கு மீன் வாங்கி வந்த விவகாரம்தான் பாட்டின் கதை, அது அவருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. மைக்செட் அண்ணன் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "கூழுக்கு நீங்க என்ன ஊத்துனீங்க? கருவாட்டுக் குழம்புதானே? அம்மன் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அதோடு அந்த வழக்கு தள்ளுபடி.

சித்தப்பா அப்போது கிறித்தவக் கல்லூரியில் படித்தார். அங்கே ஒரு விடுதிக்கு எங்கள் ஊர் பேர்தான், சேலையூர் ஹால். அந்த விடுதியில் கிதார் வைத்திருந்த சீனியர்களோடு திரிந்துவிட்டு, சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கிதார் வராது, கையால் மேஜையைத் தட்டுவார். "இது சும்மா டப்பாங்குத்து இல்லடா, பைலா" என்று முதலில் சொன்னவர் அவர்தான். எங்களுக்கு டப்பாங்குத்து என்றாலே பெரிய மரியாதை, ஆகவே அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது என்பது பிரமிப்பாக இருந்தது.

அந்தப் பைலா வந்த வழியைக் கேட்டால் இப்போதும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. 1505-ல் போர்த்துகீசியர் இலங்கையில் கால்வைத்தார்கள். அவர்களும், மொசாம்பிக் பக்கத்திலிருந்து அவர்கள் பிடித்துவந்த ஆப்பிரிக்கர்களும் ஆடிப் பாடியது அந்தத் தீவின் கடற்கரையில் தங்கிவிட்டது. ஆறெட்டுத் தாளம், நம் ஊர் வித்வான் கேட்டால் திஸ்ர நடை என்று தொடையில் போட்டுவிடுவார். இருபதாம் நூற்றாண்டில் அதை மேடைக்கு ஏற்றியவர்களில் முதல் பேர் வாலி பஸ்தியான்ஸ். தொழில், போலீஸ். இது தெரிந்திருந்தால் எங்கள் டிரில் மாஸ்டர் அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களைப் பிரம்பால் அடித்திருக்க மாட்டார், விசில் ஊதி வரிசையில் நிறுத்தி ஆடச் சொல்லியிருப்பார்.

1956-ல் அமெரிக்காவில் ஹாரி பெலஃபாண்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு விற்றுத் தீர்ந்தது. அந்தக் காற்று கொழும்பையும் தொட்டது. அறுபதுகளின் கடைசியில் தமிழ்ப் பையன்களும் கிதாரைத் தூக்கினார்கள். அங்கே அதற்குப் பொப் இசை என்று பேர். நித்தி கனகரத்தினம் என்று ஒருவர், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைக்காதே என்ற புத்திமதியை, கள் குடித்தவன்கூட எழுந்து ஆடும் மெட்டில் பாடினார். ஏ.ஈ. மனோகரனும் அந்த வரிசையில் வந்தவர்தான். தமிழ்நாட்டுக்கு வந்ததும் ஏ.ஈ. போய் சிலோன் ஒட்டிக்கொண்டது. ஆக, லிஸ்பனும் மொசாம்பிக்கும் ஜமைக்காவும் கொழும்பில் ஒன்றுசேர்ந்து, கடல் தாண்டி, சேலையூர் பனைமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. கீழே நாங்கள் கருவாட்டுக் குழம்போடு நின்றோம்.

இந்தியாவிலும் அப்போது பாப் இருந்தது, ஆனால் அதற்கு மவுண்ட் ரோடு போக வேண்டும். 1969-ல் அங்கே 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் காஞ்சிப் பட்டு கட்டிக்கொண்டு உஷா ஐயர் ஆங்கிலப் பாட்டு பாடினார், பின்னால் உஷா உதுப் ஆனார். அந்த வாசலை மிதிக்க எங்கள் தெருவில் யாருக்கும் சட்டையும் இல்லை, சம்பளமும் இல்லை. சிலோன் மனோகருக்கு டிக்கெட் கிடையாது. அதனால்தான் அவர் நட்சத்திரம்.

கோடம்பாக்கம் இதையெல்லாம் சும்மா விடுமா? 1977-லேயே 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் சுராங்கனி வந்துவிட்டாள். இசை இளையராஜா, பாடியவர் மலேசியா வாசுதேவன், கூட ரேணுகா. சிலோன்காரர் புகழாக்கிய பாட்டை, பண்ணைப்புரத்துக்காரர் இசையில், மலேசியாவில் பிறந்தவர் பாட, அது தமிழ்நாட்டுப் பாட்டாகிவிட்டது. இன்றைக்கும் நம்மில் பாதிப் பேர் அதை சினிமாப் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மீதிப் பாதி, அது தானாகவே சுற்றுலா பஸ்ஸுக்குள் முளைத்தது என்று நினைக்கிறோம்.

சுற்றுலா பஸ் என்றதும் தமிழய்யா ஞாபகம் வருகிறார். மாமல்லபுரம் போகும் வழியில் நாங்கள் சுராங்கனியை ஆரம்பித்தபோது முன்சீட்டிலிருந்து திரும்பி, "இதில் தமிழ் எங்கேடா இருக்கிறது?" என்று கேட்டார். "ரெண்டாவது பாதில வரும் ஐயா" என்றோம். பொறுமையாகக் காத்திருந்தார். வந்தது. "சரி, பாடுங்கள்" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் அவர் விரல்கள் டிபன் கேரியரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

பிறகு 1983. ஜூலையில் கொழும்பு எரிந்தது. ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கக் கடையடைத்தார்கள். தாம்பரத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஊர்வலமாகப் போனோம். அந்த வருஷம் ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவினர் வழக்கம்போல் சுராங்கனியைத் தொட்டார்கள். முன்வரிசையிலிருந்து கரைவேட்டிக்காரர் ஒருவர் எழுந்தார்.

"சிங்களப் பாட்டை நிறுத்துய்யா!"

பாடகர் மைக்கைப் பொத்திக்கொண்டு, "பாதி தமிழ்தாண்ணே" என்றார்.

"அப்ப அந்தப் பாதியை மட்டும் பாடு."

அந்தப் பாதி ஒன்றரை நிமிஷத்தில் தீர்ந்துபோனது. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் மேடைக்கு வரவில்லை. ஆகவே அதையே திரும்பத் திரும்பப் பாடினார். கரைவேட்டிக்காரர் கைகட்டிக்கொண்டு, தமிழ் தவிர வேறேதும் நுழைகிறதா என்று கடைசிவரை காவலுக்கு நின்றார்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். யாழ்ப்பாணம். ரேடியோவில் மட்டுமே கேட்டிருந்த தமிழை ஒருவன் நேரில் பேசுகிறான் என்பதே எங்களுக்கு வேடிக்கை. அவன் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் டெஸ்க்கைத் தட்டிச் சுராங்கனி பாடுவோம். வரவேற்பு என்றுதான் எங்கள் எண்ணம், அவன் ஊர்ப் பாட்டாயிற்றே. அவன் சிரிப்பான், உட்காருவான், நோட்டைத் திறப்பான். கூடச் சேர்ந்து ஒரு நாளும் பாடியதில்லை. எந்தத் தெருவை விட்டு, எப்படி வந்தான் என்று நாங்கள் கேட்டதில்லை. பாடுவதற்கே நேரம் போதவில்லை.

அடுத்து கேசட் காலம். அதற்குள் நாங்கள் பெரிய ரசிகர்களாகிவிட்டோம். இளையராஜாவின் ஒரு பாட்டில் எத்தனை வயலின் என்று சண்டை போடுகிற வயது. தாம்பரத்தில் ஸ்டேஷனையொட்டி ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. முழு வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, டி.டி.கே. 60 கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரத்தில் பதிந்து, அட்டையில் குண்டுக் கையெழுத்தில் பேரெழுதிக் கொடுப்பார்கள். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். எவ்வளவு கணக்குப் போட்டு எழுதினாலும் பி பக்கத்தின் கடைசியில் மூணு நிமிஷம் மிச்சம் விழும். கடைக்காரர் கேட்பார்: "தம்பி, கடைசில கொஞ்சம் இடம் இருக்கு. என்ன போடட்டும்?"

"ஏதாவது போடுங்கண்ணே."

அந்த 'ஏதாவது' சுராங்கனிதான். ஊரில் யார் கேசட்டை எடுத்தாலும் பி பக்கத்தின் வாலில் அவர் இருப்பார். மூணு நிமிஷம் என்பதும் ஒரு மதிப்பீடுதான், பெரும்பாலும் மனோகர் உற்சாகம் ஏறிவரும் இடத்தில் டேப் தீர்ந்து 'டக்'கென்று பொத்தான் எழும்பிவிடும். கல்யாண மண்டபத்தில் முதல் பாதி போயிற்று, கேசட்டில் இரண்டாம் பாதி போயிற்று. பல வருஷங்கள் நாங்கள் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதே இல்லை. அதற்காக யாரும் வருத்தப்பட்டதும் இல்லை.

அவரோ அதற்குள் சென்னையில் குடியேறி, தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக அடிவாங்கிக்கொண்டிருந்தார். பாடத் தெரிந்த ஒருவர் திரையில் பாடுகிறவனிடம் உதைவாங்கும் விநோதத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பாப் என்றால் எங்களுக்கு மைக்கேல் ஜாக்சன் என்று ஆகிவிட்டிருந்தது. 2009 ஜூன் 25-ல் ஜாக்சன் இறந்தபோது எங்கள் பக்கத்து டான்ஸ் கிளாஸ் வாசலில் பிளக்ஸ் கட்டி மெழுகுவத்தி ஏற்றினார்கள். அதே சாலையில்தான் கூழ் ஊற்றும் கோயிலும் இருக்கிறது. பனைமரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னாட்களில் அவர் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். அம்மாவுக்கு மாலை ஆனால் தொடர்கள்தான், நடுவில் பேசக்கூடாது. ஒருநாள் திரையில் ஒரு கனத்த மனிதர் வந்து அதட்டிவிட்டுப் போனார். நான் அப்போது பேப்பரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "குரல் மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குடா" என்றாள் அம்மா. "எல்லா வில்லனுக்கும் அதே குரல்தாம்மா" என்று பக்கத்தைத் திருப்பினேன். ஆடி ராத்திரிகளில் ஊரைத் தூங்கவிடாத குரல், எங்கள் ஹாலில், இரண்டு கஜ தூரத்தில், மருமகளை அதட்டிக்கொண்டிருந்தது.

இனி, 2018. ராவணன் படத்துக்கு அஞ்சலிகள் குவிந்துகொண்டிருந்த அன்றைக்கே பள்ளித் தோழர்கள் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. அந்த யாழ்ப்பாணத்துப் பையன். இப்போது டொரன்டோவில், பேரப்பிள்ளை பார்க்கும் வயது. "உங்களுக்குச் சுராங்கனியை விட்டா வேற பாட்டே தெரியாதடாப்பா. இதையெல்லாம் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றான். பின்னாலேயே யூடியூப் இணைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

மகன் கழற்றிப்போட்ட இயர்போனை மாட்டிக்கொண்டு, தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பைலா மட்டும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தால், முருகன் வந்தார். கிதார், டிரம்ஸோடு முருகனைக் கூப்பிடும் ஒரு பாட்டு. நம் ஊரில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மனுக்குச் செய்ததை அவர் கந்தனுக்குச் செய்திருக்கிறார். எங்கள் மைக்செட் அண்ணனிடம் மட்டும் இந்தத் தட்டு இருந்திருந்தால் ராத்திரி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, காலையில் சீர்காழிக்கு அடுத்து தைரியமாகப் போட்டிருப்பார். அதற்குப் பிறகு மாமியார்களையும் மச்சாள்களையும் சீண்டும் பாட்டுகள். அவற்றில் யாழ்ப்பாணத்து முற்றம் ஒன்று அப்படியே இருக்கிறது. பாட்டில் யாரோ யாரையோ சாடுகிறார்கள், பின்னால் கோஷ்டி சிரிக்கிறது, ரிக்கார்டிங் தியேட்டர் என்பதையே மறந்துவிட்டு.

குரலை இப்போதுதான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். குழாய் ஸ்பீக்கரும் தேய்ந்த ஊசியும் அந்தக் குரலில் அடிப்பகுதி முழுவதையும் தின்றிருந்தன. நாங்கள் கேட்டது மேலே மிதந்த உற்சாகத்தை. கீழே நல்ல கனமான, அவசரமில்லாத குரல். தாளம் ஓடினாலும் அவர் ஓடுவதில்லை. கொஞ்சம் பின்தங்கி வந்து, கடைசி அசையில் சாவதானமாகச் சேர்ந்துகொள்கிறார். இந்தச் சோம்பல் பெரிய வித்தை. நம் மெல்லிசைக் குழுக்களில் சுராங்கனி பாடிய அத்தனை பேரும் தாளத்துக்கு முன்னால் ஓடி மூச்சு வாங்கியவர்கள். அவர்களைக் கேட்டுத்தான் நாம் அதை மிமிக்ரிக்காரர்கள் பாடும் பாட்டு என்று வைத்திருந்தோம்.

கிண்டி வருவதற்குள் இன்னொரு பாட்டு. இலங்கையைத் தாய்த்திருநாடு என்று போற்றுகிறது. மனோகரன் உற்சாகமாகப் பாடுகிறார், ஒரு சொல்லிலும் கிண்டல் இல்லை. முழுத் தமிழ்ப் பாட்டு. இதைத் தமிழ்நாட்டில் யார் போட்டிருப்பார்கள்? கரைவேட்டிக்காரருக்குப் பிடிக்க இதில் சிங்களம் ஒரு சொல்கூட இல்லை, ஆனாலும் பாட விட்டிருக்க மாட்டார். 83-க்குப் பிறகு கொழும்பில்தான் எந்தத் தமிழ் வீட்டில் இதைப் போட முடிந்திருக்கும்? இரு கரையிலும் போட இடமில்லாத அந்தப் பாட்டு என் செகண்ட் ஹேண்ட் இயர்போனில் கோடம்பாக்கம் வரைக்கும் வந்தது. நடுவில் ஒரு ஹேர் ஆயில் விளம்பரம்.

டொரன்டோவுக்கு எழுதினேன்: "அந்த நாட்டுப் பாட்டை நீ சின்ன வயசுல கேட்டிருக்கியா?" பதில் ராத்திரி வந்தது. "பள்ளிக்கூடத்தில பாடினாங்கள். நல்ல பாட்டுத்தான்." அவ்வளவுதான். கூடவே ஒரு மீன் குழம்பு செய்முறையும் அனுப்பியிருந்தான், அது வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது.

2021-ல் சேலையூர், தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. நாங்கள் ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். என் மகள் எந்நேரமும் 'மெனிக்கே மகே ஹிதே' பாடிக்கொண்டிருந்தாள். யோஹானி என்ற இலங்கைப் பெண்ணும் சதீஷனும் பாடிய சிங்களப் பாட்டு. மே மாதம் யூடியூபில் ஏறி, ஆகஸ்டுக்குள் இந்தியா முழுக்க ரீல்ஸ் ஆகியிருந்தது. மும்பையில் சினிமாக்காரர்கள் அதற்குள் மோப்பம் பிடித்திருந்தார்கள், அடுத்த வருஷம் இந்திப் படத்திலும் வந்தது. முறை மாறவே இல்லை.

"என்ன பாட்டும்மா இது?" என்று கேட்டேன்.

"ஸ்ரீலங்கன்பா. உனக்குத் தெரியாது, செம ட்ரெண்டிங்."

"எங்க காலத்துல சுராங்கனின்னு ஒண்ணு..."

"அய்யோ, அந்த ஸ்கூல் டூர் பாட்டா?" என்று சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டாள். அவள் பாடியதில் தமிழ் ஒரு பாதிகூட இல்லை. யாரும் எழுந்து நிறுத்தச் சொல்லவில்லை. என் அப்பா இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார். ஊரடங்கு, அதுவும் முடிந்திருக்காது.

சென்ற பொங்கலுக்கு எங்கள் அடுக்ககத்தில் கலைநிகழ்ச்சி. செயலாளரிடம், சிலோன் பாப் பாட்டுகள் நாலைந்து தொகுத்துத் தருகிறேன், பதினைந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், மறுக்கத் தெரியாது. நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். உறியடி, கோலப் போட்டி, குழந்தைகள் நடனம், மூத்தோரைக் கௌரவித்தல், செயற்குழு அறிக்கை.

"பரிசளிப்புக்கு அப்புறம் சாப்பாடு பந்தி. இலை போடுற வரைக்கும் ஒரு மூணு நிமிஷம் கேப் இருக்கு சார். ஒரு பாட்டு போட்டுக்கலாமா?"

போட்டுக்கொள்ளலாம் என்றேன். முருகன் பாட்டா, சுராங்கனியா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இலை போடும் நேரத்தில் கூட்டத்தை நிறுத்திவைக்க முருகனால் ஆகாது என்று தோன்றியது. சுராங்கனியே இருக்கட்டும், ஆனால் அவர் பாடியது, முழுதாக.

ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டவள் ஏ பிளாக்கில் இருக்கும் இன்ஜினியரிங் மாணவி. மடிக்கணினியில் பட்டியல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சிங்கர் பேர் என்ன போடணும் அங்கிள்?"

"ஏ.ஈ. மனோகரன்."

"ஏஐ மனோகரனா?" விரல்கள் நின்றன. "அங்கிள், இது ஏஐ-ல பண்ணின பாட்டா? வாய்ஸ் செம ரியலா இருக்கே!"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செயலாளர் எட்டிப் பார்த்து, "ஏஐ-யா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. காப்பிரைட்டுன்னு யாரும் வந்து நிக்க மாட்டாங்க, போடும்மா" என்றார்.

போட்டாள். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார், இலை போட வேண்டிய பையன்கள் இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு ஆடப் போனார்கள், சாம்பார் ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் மைக்கைத் தேட ஆரம்பித்தார்.